மகிழடி வளவு

வரைபடத்தில் ஒரு வீடு கூடியிருந்தது.

தயாளினி கண்ணாடியைக் கழற்றி சுவெட்டர் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். கோயில், தேர்முட்டி, மடம், தபாற்கந்தோர், நெல் ஆலை, இரும்புப் பாலம் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. கோயில் வீதியில் மட்டும் ஐந்து வீடு. நேற்றுப் பின்னேரம் அவள் கணினியை நிறுத்தும்போது நாலுதான். நாலையும் கீறியவளே அவள், அவளுக்குத் தெரியாதா? அந்த நாலும் வெறும் கட்டங்கள். ஐந்தாவதற்கு ஓடும் விறாந்தைத் தூண்களும் முற்றத்தில் ஒரு மரமும் இருந்தன. மரத்துக்குக் கீழே, அவள் பாவிக்கிற அதே எழுத்தில், ‘மகிழடி வளவு’ என்று போட்டிருந்தது.

“குகதாசன் அண்ணை, வரைபடத்திலை கை வைச்சனீங்களோ?” என்று முன்பக்கம் குரல் கொடுத்தாள்.

கலியாணக் கார்டுகளுக்குத் தங்க நூல் கட்டிக்கொண்டிருந்த குகதாசன் தலை நிமிரவில்லை. “நானோ? எனக்கு அதைத் திறக்கவே தெரியாது, பிள்ளை. ஏன்?”

“ஒரு வீடு கூடிக் கிடக்கு. மகிழடி வளவு.”

“அது உங்கடை வீடெல்லோ!” என்று அவர் சிரித்தார். “சொந்த வீட்டை விட்டுப்போட்டு ஊரான் வீட்டைக் கீறுற ஆளை இப்பதான் பாக்கிறன். கிடக்கட்டும், விடுங்கோ.”

தயாளினி விடவில்லை. அந்த வீட்டைப் பிடித்து அழித்தாள். மரம் மட்டும் இரண்டு தரம் அழித்த பிறகுதான் போனது. போகும்போது, அடைத்த கண்ணாடிக்கும் சூடேற்றிக்கும் நடுவே, நாலு நாள் வாடிய மகிழம்பூவின் மணம் ஒன்று வந்து நின்றது.

லா சப்பல் மெத்ரோவில் இறங்கி, நகைக்கடைகளையும் மரக்கறிக் கடைகளையும் தாண்டித் திரும்பினால் வருகிற சின்ன அச்சுக்கடை அது. கலியாணமோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் மலரோ, தமிழில் அடிக்க வேண்டுமென்றால் சனம் இங்கேதான் வரும். உள்ளறையில் இருந்து பன்னிரண்டு வருடமாக எழுத்துக் கோர்ப்பவள் தயாளினி. முதலாளி குகதாசன் நாவற்றுறை ஊர் ஒன்றியத்துக்குச் செயலாளருமாக இருந்தார். அவருக்கு அது பெண்சாதியின் ஊர். பெண்சாதி புஸ்பராணியோ நாலு வயதில் அந்த ஊரை விட்டுப் புறப்பட்டவள். ஆனாலும் இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு, ஊர் அழிந்து பத்து வருடமாகிறதே என்று, ‘நாவற்றுறை: வரலாறும் அடையாளங்களும்’ என்றொரு புத்தகம் போட ஒன்றியம் முடிவெடுத்தது. அறுபத்துநாலு பக்கம். நடுவே ஊரின் வரைபடம்.

நாவற்றுறை வன்னியின் தெற்கே, மாரியில் மட்டும் கரை முட்டிப் பாய்கிற ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர். கோயிலை எவர் கட்டினார், பாலத்துக்கு இரும்பு எந்தக் கப்பலில் வந்தது, மடத்தில் எத்தனை பேருக்கு அன்னம் போட்டார்கள் என்றெல்லாம் புத்தகத்தில் விலாவாரியாக இருந்தது. எல்லாம் வடகரை. தென்கரைக்கு ஒரேயொரு வரி: ‘ஆற்றின் தென்புறம் பற்றைக் காடு.’

அந்த வரியையும் தன் பத்து விரலாலும் தட்டியவள் தயாளினிதான். அந்தப் பற்றைக் காட்டில்தான் அவள் பிறந்தாள்.

அறுபத்துமூன்று குடி இருந்த பற்றைக் காடு! கோயில் கிணற்றில் அள்ள விடமாட்டார்கள் என்று ஆற்று மணலில் பூவல் தோண்டி, ஊறுகிற நீரைச் சிரட்டையால் அள்ளிக் குடித்த சனம். வடகரையில் வேலை செய்யப் போனால் வீட்டின் முன்பக்கம் தலைகாட்டக் கூடாது. கோடிப்பக்கத்தால், அதுதான் வீட்டின் பின்புறத்தால், குசினிக்குக் கிட்டப் போய் நிற்க வேண்டும். தண்ணீர் கேட்டால் கையை ஏந்த வேண்டும். உயர நின்று ஊற்றுவார்கள். செம்பு கையில் படக் கூடாது.

இதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்துத்தான் தயாளினி தொண்ணூற்றெட்டில் பாரிசுக்கு வந்தாள். வந்து மூன்றாம் நாள் ஒரு கடைக்காரி கேட்டாள்: “பிள்ளை ஊரிலை எவடம்?”

எவடம்! சாதியை நேரே கேட்க வெட்கப்படுகிற சனம் கண்டுபிடித்த கேள்வி. ஊரின் பெயரைச் சொன்னால் போதாது, “அங்கை எவடம்?” என்று தொடரும். கோயிலடியா, சந்தையடியா, பள்ளிக்கூடத்தடியா? அந்த ஓர் ‘அடி’யில் ஆளின் பரம்பரை முழுக்க வந்துவிடும், கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பதா பிளாஸ்டிக் கப்பில் கொடுப்பதா என்பதும் அதோடு முடிவாகிவிடும். தயாளினி பொலிசுக்குப் பயந்தவளல்ல. விசா இல்லாத காலத்திலேயே சோதனைக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தவள். நாலு வருடத்துக்கு முன் புருசன் நெஞ்சு வலி வந்து போன பிறகும் எவரிடமும் கையேந்தாமல் மகளை வளர்த்தவள். எவடம் என்ற இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவளுக்குப் பயம். அன்றைக்கு அந்தக் கடைக்காரியிடம் வாயில் வந்ததைச் சொன்னாள்: “கோயிலடி.”

பதினொரு வருடம் அந்த மட்டில் ஓடியது. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் செய்தி வந்தது, அவளுடைய தாய் கோடியால் போய் நெல்லுக் குத்திய மகிழடி வளவில் ஏழு பேரும் ஒரே பங்கருக்குள் மணல் மூடிப் போனார்கள் என்று. தயாளினி அழுதாள், பொய்யில்லை. அழுது முடிந்து முகம் கழுவும்போது, இனி மறுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லையே என்று நினைத்தாள். அதுவும் பொய்யில்லை. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம், “கோயிலடி, மகிழடி வளவு. கொழும்பிலை வளந்தனான்” என்று துணிந்து சொன்னாள். அப்போது ஆறு வயதாயிருந்த மகள் மிருணாளினிக்கும் பாடமாக்கிக் கொடுத்தாள். ஆரும் எவடமெண்டு கேட்டால் இப்படித்தான் சொல்லோணும், விளங்குதே?

அழித்ததற்கு மறுநாள் காலை அந்த வீடு திரும்பவும் வரைபடத்தில் இருந்தது. இந்த முறை முற்றத்தில் ஏழு புள்ளிகள். அழித்தாள். அதற்கு மறுநாள் ஏழும் வாசல் படலைக்குக் கிட்ட நின்றன. “அட கோதாரி!” என்று கணினியின் வயரையே பிடுங்கி எறிந்தாள். வைரஸ் பிடித்திருக்கும் என்றார் குகதாசன்.

அன்று பின்னேரம் ஐந்தரைக்கு வெளியே இருட்டிவிட்டது, கார்த்திகை மாதத்துப் பாரிஸ் அப்படித்தான். குகதாசன் கார்டு கொடுக்க வெளியே போயிருந்தார். மெத்ரோ மேம்பாலத்தில் போகும்போது கடைக் கண்ணாடி லேசாக அதிர்ந்து அடங்குவதும், மை காய்கிற வாசமும், பக்கத்துக் கடையில் கொத்துரொட்டி கொத்துகிற தகரச் சத்தமும் நாளாந்தம் பழகிப் புளித்தவையாக இருக்க, அவற்றுக்கெல்லாம் அடியில், ஆழத்தில் எங்கோ, துலாவில் கட்டிய வாளி கிணற்று நீரில் படுகிற சத்தத்தைத் தயாளினி மூன்று தரம் கேட்டாள். நாலாவது தரம் தொலைபேசி அடித்தது.

“ஹலோ, அச்சுக்கடை.”

தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சரசரப்பு. பிறகு வயதான ஒரு பெண்குரல், ஏவிப் பழகிய குரல். “ஆர் பிள்ளை கதைக்கிறது? ஊரிலை எவடம்?”

“நாவற்றுறை.”

“அங்கை எவடம்?”

“கோயிலடி.”

“கோயிலடியிலை?”

பத்து வருடப் பழக்கம். மூளை தடுக்குமுன் நாக்குச் சொல்லிவிட்டது. “மகிழடி வளவு.”

சரசரப்பு நின்றது. அந்தப் பக்கம் கனபேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த மாதிரி இருந்தது.

“அப்ப எங்கடை பிள்ளை,” என்றது குரல். “பத்து வருசமாச் சொல்லிக்கொண்டு திரியிறாய், ஒருநாளும் வீட்டுப் பக்கம் வரேல்லை. பொழுதுபடுது. விளக்கு வைக்க எங்களுக்கு ஒரு குமர்ப்பிள்ளை வேணும். சின்னவளை அனுப்பு.”

தயாளினி தொலைபேசியை வைத்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆரோ ஒன்றியத்துக்காரர் விசயத்தை மணந்து பிடித்து விளையாடுகிறார்கள், விளையாடட்டும், முகத்துக்கு நேரே வந்து கேட்கட்டும் பார்ப்போம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

வீடு பத்து நிமிட நடை. பழைய கட்டடத்தில் ஐந்தாம் மாடி, இரண்டு அறை, ஒரு குசினி. முன்படி தவிர, அந்தக் காலத்து வேலைக்காரர் ஏறி இறங்கவென்று குசினிக் கதவுக்கு வருகிற ஒடுங்கிய பின்படி ஒன்றும் உண்டு. குப்பை கொண்டுபோகக்கூட அதை இப்போது எவரும் பாவிப்பதில்லை.

மிருணாளினி லிசே பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சோபாவில் இருந்தாள். பதினாறு வயது. பன்னிரண்டு வயதிலிருந்தே தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில், அதுவும் தோளைக் குலுக்கிக்கொண்டு.

“சாப்பிட்டியே?” என்றாள் தயாளினி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

“பிறகு சாப்பிடுறன், அம்மா. பொழுதுபட்டிட்டுது. விளக்கு வைச்சிட்டு வாறன்.”

தயாளினி ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றாள். மகள் சொன்ன தமிழில் ஒரு பிசிறில்லை. அவளுடைய உள்ளங்கையில் ஏழெட்டு மகிழம்பூக்கள், வாடிச் சுருண்டவை.

“உது ஆர் தந்தது?”

“மெத்ரோப் படியிலை ஒரு அம்மா நிண்டவ. எவடமெண்டு கேட்டா. நீங்கள் சொல்லித் தந்த மாதிரியே சொன்னனான்.” மகள் சிரித்தாள். “நல்ல சந்தோசம் அவவுக்கு.”

தயாளினி பூக்களைப் பறித்து யன்னலால் எறிந்தாள். மணம் போகவில்லை.

அடுத்த நாட்களில் அவள் யாரிடம் போய் முறையிடுவது? பிள்ளை வடிவாகத் தமிழ் கதைக்கிறாள், டொக்டர், என்னவோ செய்யுங்கள் என்றா? கடைக்கு வந்த புஸ்பராணி, தெருவில் மிருணாளினியைக் கண்டு கதைத்துவிட்டு, “என்ன மாதிரி வளத்திருக்கிறியள்! பெரிய வீட்டு வளர்ப்பு வேறைதான்” என்று பாராட்டிவிட்டுப் போனாள். தயாளினிக்கு விசர் வந்தது.

பிள்ளை தொலைபேசியைத் தொடுவதை விட்டாள். கதிரையின் நுனியில், முதுகு நிமிர்த்தி இருக்கத் தொடங்கினாள். இரவுச் சாப்பாட்டின்போது சும்மா கதைக்கிற மாதிரிச் சொன்னாள்: உள்ளறை யன்னல் சரியாய்ப் பூட்டுப்படாது, மழை அடிச்சால் பெட்டகம் நனையும். அலுமாரிக் கண்ணாடியின்ரை வலது மூலை உடைஞ்சிருக்கு. சாமியறைக்குள்ளை மூண்டு படி இறங்கோணும்.

தயாளினி எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள். மகிழடி வளவில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கோடிப்பக்கத்துச் சாம்பல் மேடும், வாழையடிக்குத் தண்ணி ஓடுகிற வாய்க்காலும், குசினியின் பின்படியும். அந்த வீட்டின் உள்ளே என்ன இருக்கிறதென்று அவள் ஒருநாளும் கண்டதில்லை. காணாததை அவள் மகளுக்குச் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை. லிஃப்ட் பழுது. ஐந்து மாடியும் ஏறி வந்து, குசினி வாசலில் சாய்ந்தபடி, “தண்ணி ஒண்டு தா பிள்ளை” என்றாள்.

மிருணாளினி போத்திலை எடுத்தாள். கோப்பை எடுக்கவில்லை. தாய்க்கு முன்னால் வந்து, ஓர் அடி விலகி, கையை உயர்த்தினாள்.

“ஏந்து,” என்றாள்.

ஏந்தினாள் தயாளினி! அதுதான் கொடுமை. நாற்பத்தாறு வயதுப் பெண், இந்த நாட்டு வாக்காளர் அட்டை கைப்பையில் இருக்கிறது, எட்டு வயதில் கோடிப்பக்கத்தில் தாயின் பக்கத்தில் நின்று ஏந்தின மாதிரியே, முதுகை வளைத்து, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். குளிர்ந்த நீர் உயரத்திலிருந்து கைக்குள் விழுந்தது. இரண்டு மிடறு விழுங்கிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். அருவருப்பை வெளியே காட்டாத மரியாதையான முகம். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும்.

“மிருணா! நான் உன்ரை அம்மா!”

“சத்தம் போடாதை,” என்றாள் மகள் மெதுவாக. “பெரியம்மா படுத்திருக்கிறா.”

அன்றிரவு தயாளினி நித்திரை கொள்ளவில்லை. அழவும் இல்லை. தன் பொய்தான் கதவைத் திறந்துவிட்டது என்று அவளுக்கு நன்றாக விளங்கியது. மகிழடி வளவுப் பிள்ளை என்று அவள்தான் சொன்னாள், அவர்கள் நம்பிவிட்டார்கள், தங்கள் பிள்ளையைக் கேட்கிறார்கள். சரி. சொன்ன வாயே மாற்றிச் சொல்லட்டும். பிள்ளையைவிடவா கோயிலடி பெரிது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் வரைபடத்தைத் திறந்தாள். ஐந்தாவது வீடு இருந்தது, முற்றத்தில் இப்போது புள்ளிகள் எட்டு. அதை அவள் தொடவில்லை. ஆற்றுக்குத் தெற்கே வந்தாள். பனங்கூடலைக் கீறினாள். அண்ணமார் சாமியின் கொட்டிலைக் கீறினாள், கிறவல் மண் கிண்டிய குழியை, ஆற்று மணலில் பதினான்கு பூவலை. பிறகு வீடுகள். அறுபத்துமூன்றையும் ஒவ்வொன்றாக, வீட்டுக்காரரின் பெயரோடு. தன் தாயின் கொட்டிலுக்கு வந்தபோது ஓலைக் கூரையும் கீறினாள், ஏன் கீறக் கூடாது? கடைசியில் அந்தப் பற்றைக் காட்டு வரியை எடுத்து எறிந்தாள்.

பின்னால் வந்து நின்ற குகதாசன் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதென்ன பிள்ளை? தென்கரையைப் போட்டால் சனம் தேவையில்லாத கதை கதைக்குமெல்லோ.”

“கதைக்கட்டும். நான் தென்கரை, அண்ணை.”

“என்ன?”

“பனங்கூடலடி. மகிழடி வளவுக்குக் கோடியாலை போய் நெல்லுக் குத்தினவளின்ரை மகள். இருபத்தொரு வருசம் எல்லாருக்கும் பொய் சொன்னனான். இனிச் சொல்லமாட்டன்.”

குகதாசன் மேசையில் அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துத் தள்ளி வைத்தார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ. தயாளினி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வாழ்க்கையில் முதல் தரம் அந்தக் கோப்பை அவளைச் சுடவில்லை.

“இப்பிடியே அடியுங்கோ,” என்றாள். “இல்லையெண்டால் சொல்லுங்கோ, வேறை இடத்திலை அடிப்பன்.”

அப்போது அவளுடைய கைப்பேசி அடித்தது. மிருணாளினி.

“ஆக்கள் எல்லாம் வந்திட்டினம்,” என்றது மகளின் குரல். மகளின் குரல்தான், ஆனால் ஏவுகிற குரல். “நீ வாறதெண்டால் கோடியாலை வா.”

தயாளினி ஓடினாள். மேலங்கியை எடுக்கவில்லை. மரக்கறிப் பெட்டிகளையும் சனத்தையும் இடித்துக்கொண்டு ஓடினாள். மணி ஐந்தேகால். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கட்டடத்தின் கீழ்வாசலில் இரண்டு கதவு, முன்படிக்கு ஒன்று, பின்படிக்கு ஒன்று. வருடக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த பின்படிக் கதவு விரியத் திறந்து, உள்ளே விளக்கும் எரிந்தது. முன்படி இருட்டு.

“போடி!” என்று எவளுக்கோ சொல்லிவிட்டு அவள் முன்படியில் ஏறினாள்.

முதலாம் மாடியில் மகிழம்பூ மணம். இரண்டாம் மாடியில் அதோடு சாம்பிராணி. மூன்றாம் மாடியில், மரப்படியில் மிதிக்க வேண்டிய அவள் கால் மணலில் புதைந்தது. குளிர்ந்த மணல். நாலாம் மாடியில் கைப்பிடிச் சுவர் ஈரமாக, கிணற்றுக் கட்டுப் போல வழுவழுத்தது. மேலே வாளி நீரில் படுகிற சத்தம். ஒன்று. இரண்டு. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஐந்தாம் மாடி. அவளுடைய கதவு.

திறப்பைப் போட்டுத் திறந்தாள். சோபா இல்லை. அவள் வீட்டு நடை இருந்த இடத்தில் நீளமான ஒரு விறாந்தை உள்ளே போய்க்கொண்டிருந்தது, தூண் தூணாக. கடைசியில் ஒரு விளக்கு. விளக்கைப் பிடித்துக்கொண்டு மிருணாளினி. ஜீன்ஸ்தான் போட்டிருந்தாள். தலையில் பூ. அவளுக்குப் பின்னால் சுவரோடு ஏழு பேர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் ஒழுகிக்கொண்டிருந்தது. சரசரவென்று ஒழுக ஒழுகக் குறையவில்லை.

“ஆரது முன்வாசலாலை?” என்றது நடுவில் நின்றது. “எவடம்?”

கால் கோடிப்பக்கம் திரும்பப் பார்த்தது. தயாளினி அதை இழுத்து வாசற்படிக்கு உள்ளே வைத்தாள். சப்பாத்தோடு.

“தென்கரை!” என்று கத்தினாள். “பனங்கூடலடி! பூவல் தோண்டிக் குடிச்ச சனம்! இவள் உங்கடை பிள்ளையில்லை, என்ரை பிள்ளை. இவளும் தென்கரை!”

சரசரப்பு நின்றது. ஏழும் ஓர் அடி பின்னால் போயின.

தயாளினி பார்த்தாள். விளங்கிவிட்டது. செத்தும் இவர்களுக்குத் தீட்டுப் போகவில்லை! பக்கத்துத் தூணில் கையை வைத்துத் தேய்த்தாள். தூணுக்குக் கிட்ட நின்றது சுருண்டு விலகியது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வாய் வைத்துக் குடித்துவிட்டு எறிந்தாள். சாய்மனைக் கதிரையில் போய் இருந்து எழும்பினாள். சாமியறைப் படியில் இறங்கி ஏறினாள். அவள் தொடத் தொட அவர்கள் ஒதுங்கினார்கள், சுவரோடு சுவராக, மூலையோடு மூலையாக. “இன்னும் எதைத் தொட? சொல்லுங்கோ, எதைத் தொட?” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முப்பத்தெட்டு வருடத்துத் தாகம் அது.

விறாந்தையின் முடிவுக்கு வந்தாள். கையை நீட்டினாள்.

“வா, மிருணா. வீட்டை போவம்.”

மிருணாளினி பின்னால் நகர்ந்தாள். அவர்கள் நகர்ந்த மாதிரியே. விளக்கை நெஞ்சோடு அணைத்து, உடம்பை ஒடுக்கி.

“தொடாதை,” என்றாள்.

தயாளினி தொட்டாள். இடது மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். மகள் வீரிட்டாள். விளக்கு விழுந்து அணைந்தது. இருட்டு. பிடித்த கை கையாகவே இருந்தது, சூடாக, நாடி துடித்துக்கொண்டு. அதைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை அசையவில்லை. மறுபக்கத்திலும் இழுவை.

தெருவிளக்கின் மஞ்சள் எங்கிருந்தோ கசிந்தது. கண் பழகியது.

மகளின் வலது கையை இன்னொரு கை பிடித்திருந்தது. சுவருக்குள்ளிருந்து வந்த கை. வளையல் போட்ட, வயதான, பெண்ணின் கை. அது ஒதுங்கவில்லை. தன் பிள்ளை என்று நினைத்ததை அது விடுவதாக இல்லை.

“மமோ,” என்றாள் மிருணாளினி.

சின்னக் குரல். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து வாசலில் அம்மாவைக் கூப்பிடுகிற குரல். சொல்லோடு வாயிலிருந்து மணலும் வந்தது. தாடையில் வழிந்தது. நிற்காமல் வழிந்தது.

“விடமாட்டன்,” என்றாள் தயாளினி. ஒரு காலைத் தூணில் உதைத்து ஊன்றினாள். இரண்டு கையாலும் பிடித்தாள். “நீயும் விடாதை, கிழவி. ஆர் விடுகினமெண்டு பாப்பம்.”

சுவர்க்கை இறுக்கியது. அது பிடித்த இடத்திலிருந்து மகளின் தோல் சாம்பல் நிறமானது. மணிக்கட்டு. முழங்கை. தயாளினி இழுத்தாள். மூலைகளில் ஒதுங்கியிருந்த மற்ற ஆறும் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒன்றின் இடுப்பை மற்றது கட்டிப் பிடித்து, வரிசையாக, அந்தச் சுவரோடு சேர்ந்து இழுக்கத் தொடங்கின. தோள். கழுத்தின் வலப்பக்கம். மிருணாளினியின் ஒரு கண்ணில் தண்ணீர் வழிந்தது. மற்றக் கண்ணில் மணல் வழிந்தது.